பாலம் கட்டியவர் தந்த இறக்கை

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய விமானத்தைப் படத்திலாவது பார்த்திருப்போம். அந்த இறக்கைக்கு மூதாதை ரயில் பாலம். அமெரிக்காவில் ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் ஷனூட், 1896ல் பாலத்தின் சட்டக் கட்டமைப்பையே ஒரு கிளைடரின் இரு இறக்கைகளுக்கு நடுவே பொருத்தினார். ரைட் சகோதரர்கள் அதைப் பின்பற்றினார்கள். 1903ல் பறந்தும் காட்டினார்கள்.

ஏழே ஆண்டில் பறக்கும் பித்து சென்னையையும் பிடித்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், கோச்சு வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியில் ஓர் இரட்டை இறக்கை விமானம் செய்யச் சொல்லி, 1910ல் பல்லாவரத்தில் பறந்தார்.

வேடிக்கையை வியாபாரமாக்கியது தபால். 1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது. வழியில் ஒரு பகுதி ரயிலில். மொத்தம் ஒரு வாரம். 1931ல் அதே கம்பெனிக்கு ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் ‘ஹானிபல்’ வந்து சேர்ந்தது. நான்கு எஞ்சின், 130 அடி இறக்கை, இறக்கைகளுக்கு நடுவே மறுபடியும் பாலத்து முக்கோணச் சட்டம்! வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர்தான். ஆனால் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள்.

1932ல் பாரசீகம் தன் கரையோரப் பாதையை மூடியது. விமானங்கள் எதிர்க்கரைக்கு மாறின. ஷார்ஜா ஷேக்கிடம் ரூபாயில் வாடகை பேசி, ஓடுதளமும் பயணிகள் தங்கக் கோட்டை போன்ற விடுதியும் அமைத்தார்கள்.

அந்த ஷார்ஜாவை நோக்கி 1940 மார்ச் 1 அன்று ஜிவானியிலிருந்து கிளம்பிய ஹானிபல், ஓமன் வளைகுடாவில் எட்டுப் பேரோடு காணாமல் போனது. அதில் ஒருவர் நீதிக்கட்சித் தலைவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்கப் போய்க்கொண்டிருந்தார். செய்தி கேட்டுத் தமிழ்நாடு கலங்கியது.

அதற்குள் அமெரிக்காவின் டிசி-3, ஒற்றை உலோக இறக்கையோடு ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹானிபல் வகையில் செய்த எட்டில் ஒன்றும் இன்று மிச்சமில்லை. மதுரையில் பிரிட்டிஷ் விமானப்படை 1942ல் தளம் அமைத்தபோது இரட்டை இறக்கையின் காலம் முடிந்திருந்தது. அதே மதுரையில் விமானம் ஏறும் கீழக்குயில்குடி இளைஞர் இப்போது நாலு மணி நேரத்தில் துபாயில் இறங்கிவிடுகிறார். பக்கத்து ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனால், அந்தப் பழைய ஓடுதளத்தின் மேலேயே நடக்கலாம்: அது இப்போது கடைவீதி; பயணிகள் தங்கிய அந்த விடுதி, விமான அருங்காட்சியகம்.