கைத்திறனும் எண்ணும்: மில்லிங் பொறியின் வரலாறு

சிலாபம் முதல் கற்பிட்டி ஈறாகவும், அதற்கு வடக்கே மன்னார் வரையும் நீளும் கரையோரம் பழங்காலந்தொட்டு முத்துக்குப் பெயர்பெற்றதாகும். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரையே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லோடு இயைத்துக் கூறுவாருமுளர். 19ஆம் நூற்றாண்டில் இக்கடலின் முத்துக்களைத் தரம் பிரித்தற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வழங்கின. அவை பெட்டி எனப்பட்டன. பத்தும் ஒரே பருமனுடையவை. முதற் பெட்டியில் 20 துளைகள் இருந்தன. அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் தொகை ஏறிற்று. தொகை ஏறுந்தோறும் துளையின் அகலம் சிறுத்தது. எப்பெட்டியில் முத்துத் தங்கிற்றோ அப்பெட்டியின் எண்ணே அம்முத்துக்குப் பெயராயிற்று. மொழி வேறுபட்ட வணிகரும் அவ்வெண்ணை ஒப்புக்கொண்டனர். எனினும், முத்தின் உருட்சியையும் ஒளியையும் சல்லடை அறியாது. அவற்றை மதித்தற்குக் கண்பழகிய மதிப்பாளர் வேண்டப்பட்டனர்.

எண் எங்கு முடிகின்றது, கைத்திறன் எங்குத் தொடங்குகின்றது என்னும் இவ்வினா முத்துக்கு மட்டும் உரியதன்று. உலோகத்தை நுண்ணளவுடன் செதுக்கும் பொறிகளின் வரலாறு முழுவதிலும் அது தொடர்ந்து வருகின்றது.

கடைசல் பொறியில் வேலைப்பொருள் சுழலும். உளி அதனைத் தொட்டுச் சீவும். மில்லிங் பொறியிலோ பல பற்களையுடைய வெட்டுங்கருவி சுழலும். மேசைமீது இறுகப் பிணித்த வேலைப்பொருள் அதனை நோக்கி நகரும். தட்டையான பக்கம், பள்ளம், வளைந்த முகம் ஆகியவற்றை ஆக்குதற்கு இது சிறந்ததாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் இப்பொறி உருப்பெற்றது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்கும் பொருந்தவேண்டும் என்பதே அங்கு நோக்கமாயிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் மரைக்குப் பொருந்தாதிருந்த நிலையை நீக்குதற்கு 1841இல் ஜோசப் விட்வேர்த் பொதுவான திருகுப்புரி அளவுகளை முன்வைத்தார். 1862இல் அமெரிக்கரான ஜோசப் பிரவுண், துளையிடும் அலகின் சுருள் பள்ளத்தை வெட்டுதற்கு ஏற்ற பல்நோக்கு மில்லிங் பொறியை அமைத்தார். ஆயினும் இவை யாவற்றிலும் கைப்பிடியைச் சுழற்றியவன் தொழிலாளியே. அளவுகோலின் கோட்டைக் கண் படித்தது. எங்கு நிறுத்துவதென்பதைக் கை அறிந்தது.

துளையால் பொறியை ஆளும் முறை முதலில் நெசவில் தோன்றியது. 1804ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சில் ஜக்கார்ட் அமைத்த தறியில், அட்டைகளில் இட்ட துளைகள் எந்த நூலை உயர்த்துவதென விதித்தன. இக்கருத்து உலோகத் தொழிலுக்கு வர ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1940களில் மிச்சிகனில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் சுழல்தகடுகளை ஆக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். தகட்டின் வளைவை வார்ப்புருவில் செம்மையாகப் பெறவேண்டியிருந்தது. அவரும் பொறியியலாளர் பிராங்க் ஸ்டூலனும் வளைவைப் பல புள்ளிகளாகப் பகுத்து, துளையட்டைக் கணிப்பொறியால் ஒவ்வொன்றின் இடத்தையுங் கணித்தனர். ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இருவர் பொறியின் இரு கைப்பிடிகளையும் அவ்வெண்ணுக்கேற்பத் திருப்பினர். இவ்விருவரின் இடத்தில் மின்மோட்டார்களை வைப்பின் என்ன என்பதே அடுத்த எண்ணமாயிற்று.

1949இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பொருளுதவி செய்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடம் 1952இல் எண்ணால் இயங்கும் மில்லிங் பொறியைக் காட்டியது. காகித நாடாவின் துளைகள் மின்துடிப்புகளாக மாறின. ஒவ்வொரு துடிப்பும் மேசையையோ வெட்டுங்கருவியையோ அங்குலத்தில் 2000இல் ஒரு பங்கு நகர்த்திற்று. மூன்று திசைகளிலும் ஒருங்கே இயக்கம் நிகழ்ந்தது. அப்பொறிக்கு ஆணையிடும் மொழியொன்றை டக்ளஸ் ரோஸ் முதலியோர் உருவாக்கினர். 1959இல் அதனை அறிமுகஞ்செய்தபோது, அம்முறையால் வெட்டிய அலுமினியச் சாம்பற் கிண்ணங்கள் செய்தியாளருக்கு வழங்கப்பட்டன. 1970களில் சிறு கணினிகள் பொறியோடு இணைந்தபின், துளைநாடா படிப்படியாக மறைந்தது.

இம்முறைக்கு மாற்றாக வேறொரு வழியும் அக்காலத்தில் இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதற்பொருளைத் தன் கையால் ஆக்க, அவன் பொறியை நடத்திய இயக்கத்தைக் காந்தநாடாவிற் பதிந்து, அதனையே மீண்டும் நிகழச்செய்தல் அவ்வழி. 1940களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதனை முயன்றது. ஆயினும் அது நிலைபெறவில்லை. பட்டறைத் தொழிலாளியின் அறிவை அலுவலக மேசைக்கு மாற்றும் விருப்பமே எண்முறையின் வெற்றிக்கு ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் எழுதினார். விமான உறுப்புகளின் சிக்கலான வளைவுகளைக் கையாற் செய்து பதிவுசெய்தல் அரிது என்பதும் மறுக்கற்பாலதன்று. இரு காரணங்களும் ஒருங்கே செயற்பட்டன எனக் கோடலே பொருத்தமாகும்.

எண் முழு வெற்றி பெற்றதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். பொறிவினை அளவுகள் உலகெங்கும் 20 பாகை செல்சியசுக்கு உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. புத்தளத்தின் நண்பகல் 32 பாகையாயின், ஒரு மீற்றர் நீளமுள்ள உருக்குத்தண்டு ஏறத்தாழ 0.14 மில்லிமீற்றர் நீண்டுவிடும். நுண்ணிய உறுப்பொன்றில் அது பொறுக்கலாகாத பிழை. நைலோன் போன்ற பிளாஸ்டிக் அதனினும் பன்மடங்கு விரியும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கவுஞ் செய்யும். வெட்டும்போது எழும் சூட்டில் அது இளகுவதுமுண்டு. பொருளை எவ்வாறு பிணிப்பது, கருவி மழுங்கிவிட்டதை ஒலியால் எவ்வாறு அறிவது, எவ்வேகத்தில் வெட்டுவது என்பன பழகியவனுக்கே புலப்படும். தசமப்புள்ளி ஒன்று இடம்மாறின், பொறி அதனைத் தவறென அறியாது. கருவியை உடைத்தே தீரும்.

தென்னிந்தியா இக்கலையைத் தனதாக்கிக்கொள்ள முயன்றது. பெங்களூரில் 1953இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1962இல் பொறிகருவிகளுக்கான மத்திய ஆய்வு நிறுவனமும் எழுந்தன. கோயம்புத்தூரில் 1962இல் நெசவாலைப் பொறிகளுக்கெனத் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ், பின்னர்க் கணினியால் இயங்கும் பொறிகளையும் ஆக்கலாயிற்று. பஞ்சாலைப் பொறிகளைப் பழுதுபார்த்த பட்டறைகளிலே பயின்ற கைகள் அந்நகரில் முன்னரே இருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

புத்தளக் கரையோ அப்பொறிகளின் பயனைப் பெற்றுள்ளது; பொறிகளைப் பெறவில்லை. 2010இல் மாம்புரி முதலிய இடங்களிற் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. நுரைச்சோலையின் இலக்விஜய அனல்மின் நிலையத்தில் 2011இல் முதற் பிரிவு இயங்கிற்று. பின்னர் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் திறன் பெற்றன. அங்கு நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் நீராவிச் சுழலியின் தகடுகள் போன்றவை இன்று பெரும்பாலும் பல்லச்சு மில்லிங் பொறிகளிலேயே ஆக்கப்படுகின்றன. அவை கடல்கடந்து வந்தவை. பழுதுபடின் மாற்றுறுப்பும் கடல்கடந்தே வரவேண்டும்.

பொறியை விலைகொடுத்து வாங்கலாம். அதனோடு பழகிய கையையும் கண்ணையும் அவ்வாறு வாங்குதல் இயலாது. கோயம்புத்தூரின் வரலாறு காட்டுவது இதுவே. வள்ளத்தின் இயந்திரத்தையும் நீரிறைக்கும் பம்பியையும் பழுதுபார்க்கும் இளைஞர் இக்கரையிலும் உளர். அவர்தம் கைப்பழக்கத்தோடு கேத்திரகணிதமும் அளவியலும் பள்ளியிலேயே சேருமாயின், எண்ணை ஏவுவோராக அவர் உயர்வர். சேராதாயின், பிறர் எழுதிய எண்ணுக்குக் காத்திருப்போராகவே எஞ்சுவர். முத்துச் சல்லடைக்கு அருகே மதிப்பாளனை இருத்திய இக்கரையோர மக்களுக்கு, எண்ணும் கண்ணும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பது புதிய பாடமன்று.