மிட்டாய்மீது போட்ட வழக்கு



தீபாவளி நெருங்குகிறது. இனிப்புப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு போய்வரும் நேரம். மிட்டாயில் என்ன சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று அரசாங்கங்கள் சொல்லத் தொடங்கிய கதையை இந்த இதழில் பார்ப்போமா?

கதை இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊரில் தொடங்குகிறது. அங்கே அப்போது சர்க்கரை விலை அதிகம். அதனால் மிட்டாய் செய்பவர்கள் ஜிப்சம் பொடியைக் கலப்பார்கள். இது ஊரறிந்த வழக்கம், குற்றமும் அல்ல. 1858 அக்டோபரில் ஜோசப் நீல் என்ற வியாபாரி அந்தப் பொடி வாங்க மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார். கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு வெள்ளைப் பொடியை அள்ளிக் கொடுத்துவிட்டார். அது ஆர்சனிக், அதாவது பாஷாணம். மிட்டாயின் நிறம் வழக்கம்போல் இல்லை என்று சந்தையில் விற்பவர் கவனித்தார். கவனித்து என்ன செய்தார் தெரியுமா? விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்! சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

மூவர்மீது வழக்கு வந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஜிப்சம் கலப்பதைத் தடுக்கும் சட்டமே இல்லாதபோது நீதிமன்றம்தான் என்ன செய்யும்? 1860இல் இங்கிலாந்தில் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் பரிசோதகரை நியமிப்பதும் நியமிக்காததும் உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டதால் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான். 1872, 1875 சட்டங்கள் வந்த பிறகே பிடி இறுகியது.

அமெரிக்காவில் 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. வேளாண் துறையின் தலைமை வேதியியலர் ஹார்வி வைலி அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர். சட்டத்தில் மிட்டாய்க்கென்றே தனி வாசகம் உண்டு: ஜிப்சம், பேரைட்ஸ், டால்க், குரோம் மஞ்சள், 'அல்லது மற்ற கனிமப் பொருள்' இருந்தால் அது கலப்படம். நச்சு நிறமும் மதுவும்கூடக் கூடாது. குரோம் மஞ்சள் என்பது ஈயம் கலந்த சாயம். நம் ஊரில் மஞ்சள் தூளில் கலந்து அவ்வப்போது பிடிபடுகிறதே, அதே சாயம்தான்.

அந்த 'மற்ற' என்ற ஒரு சொல்லில்தான் அரசு சறுக்கியது. வெள்ளிப் பூச்சுள்ள சின்னச் சின்ன மிட்டாய் உருண்டைகளைத் தயாரித்த நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்கள். வெள்ளி ஒரு கனிமம், ஆகவே குற்றம் என்பது அரசின் வாதம். 1910இல் நியூயார்க் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பட்டியலில் முன்னால் வரும் பொருள்கள் எந்த இனமோ, 'மற்ற' என்பதும் அந்த இனத்தையே குறிக்கும். வெள்ளியை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது என்றது.

சட்டப்படி இது சரியான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் புதுப்புதுப் பொருளாகக் கலந்துகொண்டே போகும் தயாரிப்பாளரைப் பட்டியல் போட்டுப் பிடிக்க முடியுமா? 1938இல் அமெரிக்கா சட்டத்தைத் திருப்பிப் போட்டது. சத்தில்லாத எந்தப் பொருளும் மிட்டாயில் கூடாது, சொல்லப்பட்ட சில விலக்குகளைத் தவிர. இன்று அங்கே அந்த வெள்ளி உருண்டைகள் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்ற குறிப்போடு விற்கப்படுகின்றன.

நம் காஜு கத்லிமேல் மின்னும் வெள்ளித் தாளுக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. ஆனால் அதில் வெள்ளி 99.9 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விலங்கின் தோல், குடல் அடுக்குகளுக்கு நடுவே வைத்துத் தட்டும் பழைய முறைக்கு 2016இல் தடை வந்தது. பண்டிகைக்கு மொத்தமாக இனிப்பு சொல்லும்போது, அந்தத் தாள் எங்கே வாங்கியது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.