புரோட்டமின்

மீன்களின் விந்தணுக் கருவில் டிஎன்ஏவோடு பிணைந்திருக்கும் சிறிய காரப் புரதம். சால்மனை அறுத்துத் துப்புரவு செய்யும்போது குடலோடு ஒதுக்கப்படும் விந்துப்பையே இதன் மூலப்பொருள். மீன் கழிவிலிருந்து மருத்துவம் பெற்ற புரதங்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு: சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃபிரீட்ரிக் மீஷர் 1874இல் இதைக் கண்டறிந்தார். 1869இல் சீழ்ச் செல்களின் கருவிலிருந்து நியூக்ளினை (இன்று டிஎன்ஏ எனப்படுவது) பிரித்தவர் அவர். ரைன் ஆற்றில் இனப்பெருக்கத்துக்காக ஏறிவரும் சால்மன்கள் இரை எடுப்பதில்லை. தசை கரையக் கரைய விந்துப்பை பருக்கும். விந்தணுத் தலை ஏறக்குறைய முழுவதும் கருவே என்பதால் அவருடைய ஆய்வுக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. பொருள் கெடாதிருக்க, குளிர்காலத்தில் சூடேற்றாத அறையில் பாடுபட்டார். மீஷர் இதைக் கரிமக் காரமாகவே கருதினார். புரதமென நிலைநாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசெல் (நோபல் பரிசு, 1910).

வகைப்பாடு: கோசெல் மீனின் பெயராலேயே புரோட்டமின்களுக்குப் பெயரிட்டார்: சால்மனில் சால்மின், ஹெர்ரிங்கில் குளுபீன், ஸ்டர்ஜனில் ஸ்டூரின். கார அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் மட்டும் இருந்தால் ஒற்றைப் புரோட்டமின். அதனுடன் லைசின் அல்லது ஹிஸ்டிடின் சேர்ந்தால் இரட்டை. மூன்றும் இருந்தால் மும்மை. ஸ்டூரின் மும்மை வகை. ஹிஸ்டிடினையே 1896இல் கோசெல் அதிலிருந்துதான் பிரித்தார்.

பிரித்தெடுத்தல்: கழுவி அரைத்த விந்துப்பையை நீர்த்த கந்தக அமிலத்தில் கலக்குவர். புரோட்டமின் கரைசலில் இறங்கும். டிஎன்ஏ சக்கையில் தங்கும். வடிநீரில் ஆல்கஹால் ஊற்றினால் வெண்ணிற வீழ்படிவு கிடைக்கும். அதை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால், சால்மின் சல்ஃபேட் எண்ணெய் போலத் திரண்டு பிரியும்.

பண்புகள்: சால்மினின் 32 அமினோ அமிலங்களில் 21 ஆர்ஜினின். எனவே ஆர்ஜினினைக் காட்டும் சகாகுச்சி சோதனையில் செந்நிறம் தரும். ஆர்ஜினினின் நேர்மின்னேற்றமே இதன் மருத்துவப் பயன்களுக்கு அடிப்படை.

பயன்கள்: டென்மார்க்கின் ஹாகெடார்ன் 1936இல் இன்சுலினோடு இதைச் சேர்த்து, ஊசியின் பலன் நீடிக்கச் செய்தார். நீரிழிவாளர்க்கு இது பெரும் நன்மை. திறந்த இதய அறுவைக்குப் பின், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிப்பதும் இதுவே. 100 அலகு ஹெப்பாரினுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் தேவை. மீன் ஒவ்வாமை உள்ளோர்க்குக் கவனம் வேண்டும்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஜப்பானில் உணவு கெடாதிருக்கவும் சேர்க்கின்றனர்.