உள்ளரங்கக் கீரை வளர்ப்பில் ஒளியின் நிறம்

வெயில் புகாத அறையில் மின்விளக்கின் கீழ் வளரும் கீரையின் எடை, வடிவம், சுவை, சத்து ஆகியவை ஒளியின் அளவைப் பொறுத்தும் நிறத்தைப் பொறுத்தும் மாறுகின்றன. இத்துறையில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட பயிர் லெட்டூஸ். குட்டையாக வளர்வதாலும், ஐந்தாறு வாரத்தில் அறுவடைக்கு வருவதாலும், வேர் நீங்கலாக ஏறக்குறைய முழுவதும் உண்ணத் தகுந்தது என்பதாலும் அது ஆய்வகத்துக்கும் அடுக்குப் பண்ணைக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

செடி ஒளியை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. ஒன்று, உணவு தயாரிக்கும் ஆற்றல். மற்றொன்று, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அறியும் தகவல். விளக்கு விளம்பரங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பேசுகின்றன.

ஆற்றலாக ஒளி

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி என்று கொள்வது வழக்கம். 1882இல் ஜெர்மானிய அறிஞர் தியோடர் எங்கல்மான் ஒரு பாசி இழையின் மீது வானவில் நிறங்களைப் படரவிட்டார். ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பு, நீலப் பகுதிகளில் திரண்டன. பச்சையமும் அந்த இரு நிறங்களையே மிகுதியாக உறிஞ்சுகிறது. இவற்றிலிருந்து ‘பச்சை ஒளி செடிக்கு வீண்’ என்ற முடிவு பிறந்தது. இன்றும் அது பரவலாகச் சொல்லப்படுகிறது.

அது தவறு. பச்சையத்தைத் தனியே பிரித்துக் கரைசலாக்கி அளந்தால் பச்சை ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். உயிருள்ள இலையின் உள்ளே ஒளி பலமுறை சிதறி அலைவதால், பச்சையிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீத் மெக்ரீ 22 பயிர்களை அளந்து 1972இல் வெளியிட்ட முடிவுகளில் சிவப்பே முதலிடம் பெற்றது. ஆனால் பச்சை நீலத்தைவிட அதிகம் பின்தங்கவில்லை. மேலும், சிவப்பும் நீலமும் மேலடுக்கு இலைகளிலேயே தீர்ந்துபோக, பச்சை கீழடுக்கு வரை இறங்குகிறது. நாசா ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட லெட்டூஸ் சோதனையில், சிவப்பு–நீலக் கலவையில் 24 சதவீதம் பச்சை சேர்ந்தபோது விளைச்சல் கூடியது. பச்சை பாதியைத் தாண்டியபோது குறைந்தது.

தகவலாக ஒளி

1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ‘கிராண்ட் ராப்பிட்ஸ்’ ரக லெட்டூஸ் விதைகளை வைத்துச் செய்த சோதனை இத்துறையின் அடித்தளம். சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைத்தது. அதன் பின் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியை (ஏறத்தாழ 730 நானோமீட்டர்) காட்டினால் முளைக்கவில்லை. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகக் காட்டிய நிறமே முடிவைத் தீர்மானித்தது. இதற்குக் காரணமான நிறமிக்குப் பின்னர் ஃபைட்டோகுரோம் என்று பெயரிடப்பட்டது.

இலைகள் சிவப்பை உறிஞ்சித் தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே தொலைசிவப்பு மிகுந்தால், பக்கத்துச் செடி தன்னை மறைக்கிறது என்று செடி ‘எண்ணி’ நெடுக வளர்கிறது. லெட்டூஸில் அளவான தொலைசிவப்பு இலைகளை அகலப்படுத்தி, கூடுதல் ஒளியைப் பிடிக்க உதவுகிறது. அளவு மீறினால் இலை மெலிந்து வெளிறும்.

நீலம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கிரிப்டோகுரோம், ஃபோட்டோட்ரோபின் ஆகிய ஏற்பிகள் வழியாகத் தண்டின் நீட்சியைக் கட்டுப்படுத்தி, இலைத்துளைகளைத் திறந்து, இலையைத் தடிப்பாகவும் அடர்நிறமாகவும் ஆக்குகிறது. சிவப்பு எல்இடி விளக்கில் மட்டும் வளர்ந்த லெட்டூஸ் நாற்றுகள் நெட்டையாகி ஒல்லியாயின. பிரகாசமான நீல எல்இடி 1993இல்தான் வந்தது. அதற்கு முன்பு விஸ்கான்சின் ஆய்வாளர்கள் நீலத்துக்காகக் குழல்விளக்கைத் துணைக்கு வைத்தார்கள். ஆனால் நீலம் கூடக்கூட இலைப்பரப்பு சுருங்கி எடை குறைகிறது. சிவப்பு லெட்டூஸுக்கு நிறம் தரும் ஆந்தோசயனினை நீலமும் புறஊதாவும் பெருக்குவதால், வளர்ச்சிக் காலம் முழுவதும் நீலத்தை அளவோடு கொடுத்து, அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு மட்டும் கூட்டுவது எடையையும் நிறத்தையும் ஒருசேரக் காக்கும் வழி.

நடைமுறை

சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதாநிற விளக்குகள் தொடக்கத்தில் செல்வாக்குப் பெற்றதற்கு மின்கட்டணமும் ஒரு காரணம். ஒளிச்சேர்க்கை ஃபோட்டான்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 450 நானோமீட்டர் நீல ஃபோட்டான் ஒன்றுக்கு, 660 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் தேவை. எனவே சிவப்பு சிக்கனமானது. ஆனால் ஊதா வெளிச்சத்தில் இலை கருத்துத் தெரியும். நோயையும் சத்துக்குறையையும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 2014இல் அனுப்பப்பட்ட ‘வெஜ்ஜி’ வளர்ப்புப் பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை விளக்கும் இருந்தது. இலை உண்ணத் தூண்டும் நிறத்தில் தெரிய வேண்டும் என்பதும் அதன் நோக்கம். அதில் விளைந்த சிவப்பு லெட்டூஸை விண்வெளி வீரர்கள் 2015 ஆகஸ்ட் 10 அன்று சாப்பிட்டார்கள். இன்று பல பண்ணைகள் வெள்ளை எல்இடியோடு சிவப்பைச் சேர்த்த கலவைக்கு மாறியுள்ளன.

மொத்த ஒளி போதாமல் இருந்தால் எந்த நிறக் கலவையும் உதவாது. லெட்டூஸுக்கு ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 200 முதல் 250 மைக்ரோமோல் ஃபோட்டான் வீதம், நாளுக்கு 16 மணி நேரம் என்பது வழக்கமான அளவு.

லெட்டூஸில் கண்டவற்றை நம் முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் அப்படியே பொருத்த முடியாது. இவை சோளம், கரும்பு போலச் ‘சி4’ வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. வலுவான ஒளியை விரும்புபவை. சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமும் ஆந்தோசயனினால் வருவதன்று. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாசயனின் குடும்பத்தைச் சேர்ந்தது.