ரிங்லெட் முட்டைக்கோஸ் தெற்கே போகும் பாதை

நாற்று நட்ட இரண்டரை, மூன்று மாதத்தில் ரிங்லெட் முட்டைக்கோஸ் தலை கட்டி இறுகிவிடும். மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் ரிங்லெட். இரவுக் குளிர்தான் கோஸை அப்படி இறுக்குகிறது. கேமரன் மலையைத் தேயிலைக்காக அறிந்தவர்களே அதிகம். 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது; தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த தோட்டம் அது. ஆனால் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்த்தால், மலேசியாவும் சிங்கப்பூரும் சமைத்து உண்ணும் கீரையும் காய்களுமே கண்ணில் படும்.

இந்தக் கோஸை வெட்டும் கைகளே எல்லை தாண்டி வந்தவை. வங்காளதேசம், நேபாளம், மியன்மார், இந்தோனேசியா என்று பல நாட்டு இளைஞர்கள் அந்தச் சரிவுகளில் குனிந்து நிற்கிறார்கள். இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி மருந்துகளுக்குப் பழகிப்போனபோது, அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியையும் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்துதான் இந்த மலையில் விட்டார்கள்.

வெட்டிய கோஸை வெளி இலை கழித்து, தரம் பிரித்து, கூடையில் அடுக்குவார்கள். பெரும்பாலும் மாலையில்தான் லாரி கிளம்பும். வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கியதும் பகாங் முடிந்து பேராக் வந்துவிடும். அங்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜோகூர் என்று இரவு முழுக்கத் தெற்கேதான் ஓட்டம். சிங்கப்பூர் வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டர்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கிடக்கும் ஜோகூர் நீரிணையில் முதல் பாதை 1924இல் முழுமையாகத் திறந்த கடற்பாலம். ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளம். துவாஸுக்குப் போகும் இரண்டாவது பாலம் 1998இல் வந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனி நாடானபோது கடற்பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் நடுவில் ஒரு எல்லை வந்து விழுந்தது. ஒரே நாட்டுக்குள் போய்க்கொண்டிருந்த கோஸ் அதன் பிறகு நாடு விட்டு நாடு போகும் சரக்கானது. இன்று இந்தப் பக்கம் மலேசியத் தனிமைப்படுத்தல், பரிசோதனைத் துறையின் அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உரிமம் பெற்ற இறக்குமதியாளர், ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். விளைந்த இடம், சிப்பமிட்ட நாள் முதலியவை பெட்டியிலேயே இருக்க வேண்டும். மாதிரி எடுத்துப் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பார்கள். அளவு மீறினால் சரக்கை விடமாட்டார்கள். இரண்டு அரசுகளும் ஒன்றின் முத்திரையை மற்றது நம்புவதால்தான் வாடும் முன் கோஸ் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து தேக்கா சந்தைக்கு.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 2020 மார்ச்சில் வந்தது. கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18ஆம் தேதி தொடங்கும் என்று மலேசியா 16ஆம் தேதி இரவு அறிவித்ததும், சிங்கப்பூர் பேரங்காடிகளில் கூட்டம் முண்டியடித்தது. அன்றைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசினிடம் பேசிய அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், உணவு உட்பட சரக்குப் போக்குவரத்து தொடரும் என்ற உறுதியை மக்களுக்குத் தெரிவித்தார். இரு நாட்டு மூத்த அமைச்சர்களான மலேசியாவின் இஸ்மாயில் சப்ரியும் சிங்கப்பூரின் டியோ சீ ஹியனும் கூட்டாகத் தலைமையேற்ற பணிக்குழு அமைந்தது. நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த லட்சக்கணக்கானோருக்குப் பாதை அடைபட்டது. குடும்பங்கள் நீரிணையின் இரு கரையிலும் பிரிந்து கிடந்தன. காய்கறி லாரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர்களைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும்.

அதே மார்ச்சில்தான் கேமரன் மலை விவசாயிகள் டன் கணக்கில் காய்கறியைக் கொட்டி அழித்தார்கள். சரக்குக்கு எல்லை திறந்தே இருந்தது. பல உணவகங்கள் மூடிக்கிடந்தன, உள்நாட்டுச் சந்தைகளும் போக்குவரத்தும் முடங்கின. பிரதமர்கள் பேசிக் காப்பாற்றிய பாதையால், தாப்பாவிலும் ஈப்போவிலும் வாங்க ஆளில்லாத கோஸைக் காப்பாற்ற முடியவில்லை. விலையும் கூலியும் கிடைக்காத நட்டம் முழுவதும் மலையில்தான் விழுந்தது.

மலை சுமக்கும் பாரம் அது மட்டுமல்ல. 2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பின், ரிங்லெட்டில் 1963 முதல் நிற்கும் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறாகப் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஏரியில் வண்டல் மேடிட்டுக் கிடந்ததற்குச் சரிவுகளைச் சீவிப் பயிர் வைத்ததும் ஒரு காரணம். சரிவைச் சீவியவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் இங்கே பலர் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்துவந்தார்கள். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் செலவழித்துப் படிக்கட்டு வரப்பு போடுவார்கள்?

பாதை மீதான நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. 2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூர் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. உள்ளூரில் தட்டுப்பாடு வந்தால் கதவு மூடும் என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது. 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் வரைபடம் ஜோகூரோடு நின்றுவிடுகிறது. பாதை தொடங்கும் பகாங் மலைச்சரிவும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும் என்பேன்: விவசாயிக்கு நீண்டகாலக் குத்தகை, மண்ணைப் பிடித்துவைக்கும் வேலைக்கு வாங்குபவர் தரப்பின் பங்கு, சந்தை முடங்கும் மாதத்துக்கு முன்கூட்டியே பேசிவைத்த கொள்முதல். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஒரு தீவுக்கு, ரிங்லெட்டின் மண் அடுத்த நாட்டு விவகாரம் அல்ல.