ஒரு குத்துப்பாட்டு இழுத்து வந்த ஆல்பம்

1999 மே 11 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஆல்பத்தின் பெயர் 'ரிக்கி மார்ட்டின்'. பாடகரின் பெயரையே ஆல்பத்துக்கும் வைப்பது புதுமுகங்களுக்குச் செய்கிற காரியம். இவருக்கோ இது ஐந்தாவது. 1991இல் வந்த முதல் ஆல்பத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் அதுவரை எல்லாமே ஸ்பானிஷ். முழுக்க ஆங்கிலத்தை நம்பி இறங்கியது இதுதான் முதல் முறை. அந்தச் சந்தைக்கு அவர் புதுமுகம்தானே!

புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பிறந்தவர். 12 வயதில் 'மெனுடோ' என்ற சிறுவர் குழுவில் சேர்ந்தார். வயது ஏறினால் வெளியே அனுப்பிவிட்டு வேறு பையனை எடுத்துக்கொள்ளும் குழு அது. அங்கே உடன் பாடிய ராபி ரோசாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வந்த பிறகு ரிக்கியின் பிழைப்பு மெலடியில்தான் ஓடியது. லத்தீன் பாப்பில் அன்று அழகான இளைஞனுக்கு ஒதுக்கிய வேலை, காதலில் உருகுவது. 1995 ஆல்பத்தில் இருந்த 'மரியா' அதை உடைத்தது. தாளம் முன்னால் வந்தது. பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும் ஆடின. 1998 உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பாடிய 'லா கோப்பா தே லா விதா' அடுத்த அடி. ராபி ரோசாவும் டெஸ்மண்ட் சைல்டும் அதில் கைகோத்திருந்தார்கள். பான் ஜோவிக்கும் ஏரோஸ்மித்துக்கும் ஹிட் எழுதிக் கொடுத்த சைல்டின் தாயும் ஒரு பாடலாசிரியர், கியூபாக்காரர்.

ஆல்பத்தின் தலையெழுத்து 1999 பிப்ரவரி 24 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் கிராமி மேடையில் மாறியது. ரிக்கி பாடியது அதே கால்பந்துப் பாட்டு. தோல் கால்சட்டையில் அவர் இடுப்பை வெட்ட, மேளக்காரர்கள் பார்வையாளர்களுக்கு நடுவே இறங்கி வந்தார்கள். அதுவரை விறைப்பாக உட்கார்ந்திருந்த இசைத்துறைப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மடோனா சும்மா பாராட்டிவிட்டுப் போகவில்லை. ஆல்பத்தில் ஒரு டூயட்டே பாடிக் கொடுத்தார்.

கம்பெனி இதற்காகவே காத்திருந்தது போல, அடுத்த மாதமே 'லிவின் லா விதா லோகா' வந்தது. மறுபடியும் ரோசா, சைல்டு கூட்டணி. வேலை நடந்த இடம் மயாமி. அன்றைய வழக்கப்படி பாட்டு என்றால் இரண்டு அங்குல அகல டேப்பில் பதிவாகி, மேஜை அகல கன்சோலில் மிக்ஸ் ஆக வேண்டும். சார்லஸ் டை என்ற ஒலிப்பொறியாளர் இரண்டையும் ஒதுக்கினார். பதிவு, வெட்டு ஒட்டு, மிக்ஸிங் எல்லாமே புரோ டூல்ஸ் மென்பொருளுக்குள் முடிந்தன. இப்படி முழுக்கக் கணினிக்குள்ளேயே உருவாகி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இது என்பார்கள். ஹெட்போனில் கேட்டால் தெரியும்: குரலைச் சுற்றி எதிரொலியே கிடையாது, காதோடு வந்து கத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், 'லத்தீன் அலை' என்று உலகம் கொண்டாடிய இந்தப் பாட்டில் லத்தீன் இசை குறைவு. தாளத்தில் ஜமைக்காவின் ஸ்கா வாடை. கிட்டார் கலிஃபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் பாணி. டிரம்பெட்டுகளும் தலைப்பில் உள்ள ஸ்பானிஷும்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கின்றன. எனக்கு இதில் குறை இல்லை. சல்சா என்று விற்றிருந்தால்தான் மோசடி.

பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அது இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே ஆல்பம் வந்ததால் முதல் வாரத்தில் 6,61,000 பிரதிகள் போயின. 'டைம்' பத்திரிகை அட்டைப்படம் போட்டது. கூட்டத்தை அழைத்து வந்தது குத்துப்பாட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி மெலடி. டயான் வாரன் எழுதியது ஒன்று, ஸ்வீடனின் மேயாவோடு பாடிய 'பிரைவேட் இமோஷன்' ஒன்று. பின்னது, ஹூட்டர்ஸ் குழு முன்பே பாடிய பாட்டு; கொஞ்சம் தூக்கம் வரும். மடோனா டூயட்டும் பெயருக்கேற்ற அளவு சோபிக்கவில்லை.

தேறிய மெலடி 'ஷீஸ் ஆல் ஐ எவர் ஹேட்'. ரோசாவும் ஜான் செகாதாவும் சேர்ந்து எழுதியது. ஆங்கிலப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அதன் ஸ்பானிஷ் வடிவமான 'பெல்லா', லத்தீன் பட்டியலில் முதலிடத்துக்கே போனது.