துருக்கியும் ஜப்பானும் நேசமான வரலாறு

இரு நாடுகள் நேசம் பூண்டன என்றால், மந்திரிமார் கூடி உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாளையே அந்நேசம் பிறந்த நாளாகச் சரித்திர நூல்கள் குறிப்பது வழக்கம். அவ்வழக்கப்படி துருக்கிக்கும் ஜப்பானுக்கும் இராஜதந்திர உறவு ஏற்பட்டது 1924ஆம் ஆண்டில். ஆனால் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே, உடன்படிக்கை இன்னதென்றே அறியாத ஏழைக் கிராமத்தார் அந்நேசத்துக்கு வித்திட்டு விட்டனர். அவ்வரலாற்றையும், அரசாங்கங்கள் இத்துணைக் காலம் பின்தங்கியதன் காரணத்தையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஆசியாவின் மேற்குக் கோடியில் துருக்கி. கிழக்குக் கோடியில் ஜப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரண்டுக்கும் பொதுவாயிருந்தது ஓர் இழிவு. ஐரோப்பிய வல்லரசுகள் இரு நாடுகளிலும் தனிச் சலுகைகள் பெற்றிருந்தன. அந்நாட்டு மண்ணில் ஓர் ஐரோப்பியன் குற்றமிழைத்தால், அவனை விசாரிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவனது நாட்டுத் தூதரகத்துக்கே உண்டு. உள்நாட்டு நீதிபதிக்கு இல்லை. இறக்குமதிப் பொருளுக்குத் தம் விருப்பம்போல் சுங்க வரி விதிக்கவும் அவ்விரு அரசுகளுக்கும் உரிமையில்லை.

1887இல் ஜப்பானிய இளவரசர் கோமாத்சு இஸ்தான்புல் நகருக்கு விஜயம் செய்து சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைக் கண்டார். அதற்கு எதிர்மரியாதை செய்யக் கருதிய சுல்தான், மெய்ஜி சக்கரவர்த்திக்கு விருதும் வெகுமதிகளும் கொடுத்து, 'எர்த்துருல்' என்னும் மரத்தாலான போர்க்கப்பலை 1889 ஜூலையில் அனுப்பினார். தூதுக்குழுவுக்குத் தலைவர் உஸ்மான் பாஷா. கப்பலில் 600 பேருக்குக் குறையாமல் இருந்தனர். 1863இல் கடலில் இறக்கப்பட்ட பழைய கலம் அது. சூயெஸ் கால்வாயிலேயே தரைதட்டிப் பழுதுற்றது. பழுது நீக்கப்பெற்றுப் பம்பாய், கொழும்பு வழியாக நவம்பரில் சிங்கப்பூரை அடைந்து, 1890 மார்ச் வரை இங்கேயே நங்கூரமிட்டுக் கிடந்தது. கலீபாவின் கொடி பறந்த அக்கப்பலைக் காண முஸ்லிம் மக்கள் ஆவலுடன் வந்தனர்.

1890 ஜூன் 7ஆம் நாள் எர்த்துருல் யோகோஹாமாவை அடைந்தது. சக்கரவர்த்தி தூதரை உபசரித்தார். பின்னர் வாந்திபேதி கப்பலில் புகுந்து சிலரைக் கொண்டுபோயிற்று. புயற்காலம் தணியும்வரை தங்கிச் செல்லுமாறு ஜப்பானியர் கூறியும் கேளாமல், செப்டம்பர் 15ஆம் நாள் கப்பல் தாயகம் நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் இரவு வாக்கயாமா மாகாணத்து ஓஷிமா தீவருகே புயலிற் சிக்கிப் பாறையில் மோதிப் பிளந்தது. உஸ்மான் பாஷா உள்ளிட்ட 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் 69 பேரே.

குருதி வழியச் செங்குத்தான பாறையேறிய சிலர், கஷினோசாக்கி கலங்கரை விளக்கத்தின் ஒளியைக் கண்டு அங்கே சென்றனர். காவலர்க்கு அவர்கள் பேச்சு விளங்கவில்லை. பல நாட்டுக் கொடிகள் வரைந்த புத்தகத்தைக் காட்ட, பிறையும் நட்சத்திரமும் பொறித்த கொடியை அவர்கள் தொட்டுக் காட்டினர். செய்தி பரவியதும் கிராமத்தார் கடற்கரைக்கு ஓடினர். குளிரில் விறைத்தவர்களைத் தம் உடலோடு அணைத்துச் சூடேற்றினர். தம் பஞ்சத்துக்கென வைத்திருந்த கிழங்கையும், வளர்த்த கோழிகளையும் அவர்களுக்கு உணவாக்கினர். கரையொதுங்கிய உடல்களை மேட்டில் அடக்கம் செய்தனர். சிகிச்சை செய்த மருத்துவர்களோ, கட்டணம் வேண்டாமென்றும் அத்தொகையைத் துன்புற்றோர்க்கே வழங்குமாறும் எழுதினர். வந்தவர் மதம் யாது, குலம் யாது என்று கேட்டவர் அங்கே எவருமிலர்.

உயிர் பிழைத்தோரை ஹியேய், கோங்கோ என்னும் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 1891 ஜனவரியில் இஸ்தான்புல்லிற் சேர்த்தன. யமாதா டோராஜிரோ என்னும் இளைஞர் மாண்டோர் குடும்பங்களுக்காக ஜனங்களிடம் நிதி திரட்டி, 1892இல் தாமே துருக்கிக்கு எடுத்துச் சென்றார்.

இத்துணை அன்பு மலர்ந்த பின்னும் உடன்படிக்கை ஏன் ஏற்படவில்லை? ஐரோப்பியர் துருக்கியிற் பெற்றிருந்த தனிச் சலுகைகள் தனக்கும் வேண்டுமென ஜப்பானிய அரசாங்கம் கேட்டது. அதே சலுகைகளைத் தன் நாட்டிலிருந்து ஒழிக்க அது அரும்பாடுபட்டுக் கொண்டிருந்த காலம் அது. 1899இல்தான் அந்நிய நீதிமன்ற உரிமை அங்கே ஒழிந்தது. தன் காலின் விலங்கை அறுக்கப் போராடுகிறவனே பிறன் காலுக்கு விலங்கு தேடினான்! சுல்தான் இசையவில்லை. 1923இல் லோசான் உடன்படிக்கை அச்சலுகைகள் அனைத்தையும் ஒழித்த பின்னரே, இரு நாடுகளும் சமமாக நின்று 1924இல் உறவு பூண்டன.

அரசாங்கங்களின் நேசம் அதன் பின்னும் நிலையாயிருக்கவில்லை. 1945 பிப்ரவரியில் துருக்கி ஜப்பான் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. மலாயாத் தமிழராகிய நமக்கோ, ஜப்பான் என்ற பெயரைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்தல் எளிதன்று. 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த கொடுமைகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சயாம் ரயில் பாதையில் மடிந்த தோட்டத் தமிழர் ஆயிரமாயிரம். அதனை மறத்தலும் தகாது. அதன் பொருட்டு ஓஷிமாத் தீவின் ஏழைகளைப் பழித்தலும் தகாது. ஓர் அரசாங்கத்தின் பேராசை வேறு, அந்நாட்டு மக்களின் இயல்பான இரக்கம் வேறு என்று பிரித்தறிவதே சரித்திரம் கற்றதன் பயன்.

1985 மார்ச்சில் ஈரான்–ஈராக் யுத்தம் உக்கிரமடைந்தது. ஈரானிய வானத்திற் பறக்கும் எவ்விமானமும் 48 மணி நேரத்துக்குப்பின் சுட்டு வீழ்த்தப்படும் என ஈராக் அறிவித்தது. டெஹ்ரானில் அகப்பட்ட ஜப்பானியர்க்குத் தம் நாட்டு விமானம் வரவில்லை. அப்போது துருக்கி இரு விமானங்களை அனுப்பி, 215 ஜப்பானியரைக் கெடு முடியுமுன் மீட்டது. அங்கிருந்த துருக்கியர் பலர் விமானத்தில் இடம் கேளாது தரைவழியே தாயகம் திரும்பினர். எர்த்துருல் மாலுமிகளுக்குச் செய்த உதவியைத் தாம் மறக்கவில்லை என்பதே துருக்கியர் பின்னர்க் கூறிய காரணம்.

தோட்டத்தில் கணக்கெழுதும் எம்போன்றோர்க்கு, கடன் என்றால் பேரேட்டில் ஏறியதே கடன். ஓஷிமாக் கிராமத்தார் கொடுத்த கிழங்கும் கோழியும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆயினும் 95 ஆண்டுகள் கழித்து அது 215 உயிர்களாகத் திரும்பி வந்தது. நம்மிடையே ஒற்றுமையும் நேசமும் வேண்டுமெனப் பேசுவோர் முதலில் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு: எதிரே நிற்பவனை நாம் சமமானவனாகக் கருதுகிறோமா?